லிஃப்டுக்குள் உருளைக்கிழங்கு

அக்டோபர் 14, செவ்வாய்

இன்று என்னைத் தூக்கியவர்கள் புது ஆட்கள். வழக்கமாகத் தூக்கும் மல்யுத்தக்காரர்கள் இருவரும் போட்டிக்காகத் தலைநகர் பிஷ்கெக் போய்விட்டார்கள். அவர்களுக்குப் பதிலாக வந்தவர்களில் ஒருவன் பெயர் பெக்போலொத். கழுத்தே கிடையாது, தோளிலிருந்து நேராகத் தலை. சக்கர நாற்காலியோடு என்னை நாலாவது மாடிக்கு ஏற்றும்போது, பாதி வழியில் அவனுக்கு போன் வந்தது. எடுத்துப் பேசினான்! ஒரு கையில் நான், ஒரு கையில் போன்.

"அம்மா, அப்புறம் பேசறேன். கொஞ்சம் வேலையா இருக்கேன்."

வகுப்பில் நிலநடுக்கம் பற்றிய பாடம். கட்டடம் ஆடத் தொடங்கினால் உடனே வெளியே ஓடிவிட வேண்டும் என்றார் ஆசிரியர். மொத்த வகுப்பும் திரும்பி என்னைப் பார்த்தது. இறங்கும்போது பெக்போலொத்தின் நம்பரை வாங்கிக்கொண்டேன்.

அக்டோபர் 17, வெள்ளி

தூக்க ஆள் இல்லை. பாடம் மேலே, நான் கீழே.

அக்டோபர் 20, திங்கள்

பல்கலைக்கழகத் தலைவரான ரெக்டருக்கு அடுத்த பதவியில் இருக்கும் ஜெங்கிஷ்பெக் ஐயா கூப்பிட்டனுப்பினார். நல்ல மனிதர்தான். அதுதான் கஷ்டம்.

"உன் நல்லதுக்குத்தாம்மா சொல்றேன். புத்தாண்டுக்கு அப்புறம் வீட்லேந்தே படிக்கிற பிரிவுக்கு மாறிடு. சூடா உக்காந்துக்கிட்டு, அம்மா போட்ட டீயைக் குடிச்சிக்கிட்டே பரீட்சை எழுதலாம்."

"லிஃப்ட் இருக்கே, ஐயா? கீழ கதவு பாத்திருக்கேன்."

"கதவு இருக்கும்மா. ஆனா அது லிஃப்ட் இல்ல. கேன்டீன் துர்துகான் அதுலதான் உருளைக்கிழங்கு வச்சிருக்கா."

உருளைக்கிழங்குக்கு இடம் இருக்கு. எனக்கு இல்ல. புவியியல் படிக்கறவ நான், வீட்ல உக்காந்து மலைகளைப் பத்திப் படிக்கணுமாம். ஜன்னல் வழியா ஒரே ஒரு மலை தெரியும், அதுவும் பாதி, மீதியை பக்கத்து வீட்டுப் புகைபோக்கி மறைக்கும். நான் அழல. கண்ணுல தூசி. — மழை நாள்ல எங்கேந்து தூசி வந்தது? சரி, அழுதேன்.

அக்டோபர் 21, செவ்வாய்

அதிலெத்திடம் சொன்னேன். சட்டம் படிக்கிறான், பிறவியிலேயே பார்வை இல்லை, வாய் மட்டும் இருவருக்கான அளவு.

"உருளைக்கிழங்குகிட்ட தோத்துட்டியே, சைகல்! வா, எதிரியைப் பாத்துட்டு வருவோம்."

துர்துகான் அக்கா பூட்டைத் திறந்து காட்டினாள். மார்பளவுக்கு மூட்டைகள். அதிலெத் மூக்கை நீட்டி மோந்தான். "அடியில முட்டைக்கோசும் இருக்கு."

"இருக்கும், அதுக்கென்ன?" என்றாள் அக்கா. "கிடங்குக் கூரை ஒழுகுது. வருஷா வருஷம் ஐயாகிட்ட சொல்றேன், வருஷா வருஷம் தலையாட்டறாரு. இத்தனை பேருக்கு நாந்தானே சோறு போடணும்? கிழங்கை எங்க வைக்கறது பொண்ணே, உன் மடியிலயா?"

அவளோடு சண்டை போடலாம் என்று போனேன். சூப் குடித்துவிட்டு வந்தேன்.

நவம்பர் 11, செவ்வாய்

டிசம்பர் மூன்று வரப்போகிறது. மாற்றுத்திறனாளிகள் தினம். ஆண்டுதோறும் எங்களை வரிசையாக உட்காரவைத்து, ஆளுக்கு ஒரு மாவு மூட்டை, ஒரு கம்பளி, ஒரு சோகப் பாட்டு. போன வருஷம் பாடிய பெண் அதிலெத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். "நான் செத்துட்டேனோன்னு தொட்டுப் பாத்துக்கிட்டேன்" என்கிறான்.

இந்த வருஷம் விழா பெரிய அரங்கத்தில். அரங்கம் இரண்டாவது மாடியில். எங்களுக்கான விழா!

"நம்ம விழாவை நாமளே கீழ வச்சுக்கலாம்" என்றேன். கோபத்தில் சொன்னதுதான். அதிலெத் பிடித்துக்கொண்டான். நகரத்தில் காது கேளாதோர், பார்வையற்றோர், கைத்தடிக்காரர்கள், நாற்காலிக்காரர்கள் எல்லோருக்கும் அழைப்பு. யாரும் யாருக்கும் எதுவும் தானம் கொடுக்கக் கூடாது. பதாகையில் எழுத வேண்டியதும் முடிவாகிவிட்டது: இன்று இரக்கத்துக்கு விடுமுறை.

நவம்பர் 13, வியாழன்

ஊரில் இருக்கும் அம்மாவிடம் போனில் சொன்னேன், இது எங்கள் பெருமை நாள் என்று.

"பெருமை நாளா? இதுல பெருமைப்பட என்னடி இருக்கு?"

"வாம்மா, வந்து பாரு."

"ஊரே பாக்கும். நான் வேற வரணுமா?"

இருபது வருஷமாக இந்த உடம்போடு குடித்தனம் நடத்துகிறேன். அது என்னை விட்டுப் போகவில்லை, நானும் அதை விடவில்லை. சிரித்த நாள்தான் அதிகம். இதைப் பெருமை என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது? போனில் இதில் ஒரு வார்த்தைகூட வரவில்லை. "சரிம்மா" என்று வைத்துவிட்டேன்.

நவம்பர் 24, திங்கள்

வருகிறவர்களுக்குச் சாப்பாடு? துர்துகான் அக்காவிடமே போனோம். "எத்தனை பேர்?" என்றாள். அதிலெத் வாய்க்கு வந்த பெரிய கணக்கு ஒன்று சொன்னான். நான் அவனை முறைத்தேன். முறைத்து என்ன பயன்?

அக்கா கரண்டியை வைத்துவிட்டு யோசித்தாள். பிறகு சிரித்தாள், நல்ல சிரிப்பு அல்ல.

"லிஃப்ட்ல இருக்கறது பூராவும் சமைச்சாத்தான் பத்தும்."

"அப்புறம் குளிர்காலத்துக்கு?"

"அப்புறம் ஐயாதான் புதுசா வாங்கிக் குடுக்கணும். வைக்க இடம் கேப்பேன். கிடங்குக் கூரையைப் போட்டுத்தானே ஆகணும்? எனக்குக் கூரை, உனக்கு லிஃப்ட். தின்னுடலாம் பொண்ணே!"

டிசம்பர் 2, செவ்வாய்

நாள் முழுக்க கிழங்கு உரித்தோம். அதிலெத் எங்கள் எல்லோரையும்விட வேகம். மல்யுத்தக்காரர்கள் உரித்தால் கிழங்கு கோலிகுண்டாகிவிடுகிறது. அவர்களை மாவு பிசைய அனுப்பிவிட்டோம்.

டிசம்பர் 3, புதன்

இதை எழுதியே தீர வேண்டும்.

மேலே அரங்கத்தில் ஜெங்கிஷ்பெக் ஐயா, தலைநகரிலிருந்து வந்த அமைச்சகத்து அம்மா, மாவு மூட்டைகள், மைக். கீழே நாங்கள். படிக்கட்டுக்கு முன்னால் மேஜைகள், அடுப்பிலிருந்து எடுத்த சூட்டோடு உருளைக்கிழங்கு சம்சா, எண்ணெயில் பொரித்த போர்சோக் ரொட்டி, டீ. பதாகை கொஞ்சம் கோணல். அதிலெத் பிடித்துக் கட்டியது. யாரும் திருத்தவில்லை.

ஐயாவின் உரை ஒலிபெருக்கியில் கீழேயும் கேட்டது. "இந்தப் பாவப்பட்ட உள்ளங்கள்..." என்றபோது சம்சா வாசனை மேலே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். முதலில் இரண்டு மாணவர்கள் இறங்கினார்கள். அப்புறம் ஒரு வரிசை. அப்புறம் சோகப் பாட்டுப் பாட வந்த பெண்ணே இறங்கிவிட்டாள். காது கேளாதவர்கள் கைகளால் சொன்ன நகைச்சுவைக்கு அவர்கள் மேஜை முழுக்க உருண்டு சிரித்தது. அர்த்தம் கேட்டேன். பெண்பிள்ளை கேட்கக் கூடாதாம். சொல்லவைத்தேன். உண்மையிலேயே கேட்டிருக்கக் கூடாது.

மேலே மைக்கில் ஐயா குரல்: "யாராவது இருக்கீங்களா?"

நான் பேச வேண்டிய நேரம். எழுதி மனப்பாடம் செய்தது அத்தனையும் பறந்துவிட்டது. "எங்களைப் பாத்து யாரும் உருக வேண்டாம்" என்றேன். "நாங்க நல்லாத்தான் இருக்கோம். எங்களுக்குக் கோளாறு இல்ல, இந்தப் படிக்கட்டுக்குத்தான் கோளாறு. அதை யாராவது வைத்தியர்கிட்ட காட்டுங்க."

சிரிப்பு, விசில். பெக்போலொத் என்னை நாற்காலியோடு தலைக்கு மேல் தூக்கிவிட்டான். "இறக்குடா மடையா!" என்று கத்தியதும் மைக்கில் போயிற்று.

மேலிருந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. கதவோரம் அம்மா. கல்யாணத்துக்குக் கட்டும் தலைத்துணி. எவ்வளவு நேரமாக நின்றாளோ. கொஞ்ச நேரத்தில் டீ ஊற்றத் தொடங்கிவிட்டாள். ஐயாவோடு கீழே இறங்கி வந்திருந்த அமைச்சகத்து அம்மாவுக்குக் கிண்ணத்தை நீட்டி, கேட்காமலே சொன்னாள்: "மைக்ல கத்துச்சே, அது என் பொண்ணு."

அமைச்சகத்து அம்மா ஐயாவைப் பார்த்துக் கேட்டார்: "இங்க லிஃப்ட் கிடையாதா?"

ஐயா வாயைத் திறப்பதற்குள் துர்துகான் அக்கா முந்திக்கொண்டாள். "இருக்குங்க. இப்பதான் நீங்க எல்லாரும் சேந்து தின்னு முடிச்சீங்க."

டிசம்பர் 16, செவ்வாய்

லிஃப்ட் ஓடுகிறது! அதாவது, ஓடியது.

ரிப்பன் வெட்டிவிட்டு ஐயா என்னோடு ஏறினார். இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே இன்னும் முட்டைக்கோஸ் வாசனை.

"பயப்படாதம்மா" என்றார், சுவரைப் பிடித்துக்கொண்டு. நான் பயப்படவில்லை. எனக்கு உட்கார இடம் இருந்தது.

வெகுநேரம் கழித்து நெளியத் தொடங்கினார். "காலையிலேந்து டீயா குடிச்சிட்டேன்... கீழ கழிவறை திறந்துதானே இருக்கும்?"

"தெரியாது ஐயா. நான் உள்ள போனதில்ல. கதவு குறுகல், நாற்காலி நுழையாது."

"அப்ப நீ என்ன பண்ணுவ?"

"டீ குடிக்க மாட்டேன்."

"என்னைக்கு?"

"வகுப்பு இருக்கற எல்லா நாளும்."

அவர் நெளிவதை நிறுத்திவிட்டார். தொப்பியைக் கழற்றினார், திரும்ப வைத்தார். "யாரும் சொல்லலையேம்மா" என்றார். பிறகு தானே, "நானும் கேக்கல."

"அந்த வீட்டுப் பிரிவு, ஐயா..."

"எந்த வீட்டுப் பிரிவு?" என்றார் சுவரைப் பார்த்து. "கழிவறைக் கதவை இடிச்சு அகலமாக்கறோம். ஆனா முதல்ல இந்தக் கதவைத் திறக்கச் சொல்லு தாயே, உன் காலைப் பிடிச்சிக்கறேன்."

திறந்ததும் அவர் ஓடிய ஓட்டம்! மல்யுத்தக்காரர்கள் சுவரோடு ஒட்டி வழி விட்டார்கள்.

ஜனவரி 15, வியாழன்

கழிவறையில் கொத்தனார்கள். கிடங்கின் மேல் புதுத் தகரம். அதிலெத்தின் மனு: லிஃப்ட் மாடி எண்ணை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நேற்று தவறான மாடியில் இறங்கி, கணக்கியல் வகுப்பில் முழுசாக உட்கார்ந்து, கேள்வி வேறு கேட்டுவிட்டு வந்திருக்கிறான். "எனக்குப் புரியலன்னதும் சட்டம்தான்னு நெனச்சேன்."

பிப்ரவரி 12, வியாழன்

இன்று நான் வகுப்புக்குப் போகவில்லை. லிஃப்ட் நன்றாக ஓடியது. உடம்பும் சரியாகத்தான் இருந்தது. வெளியே வெயில். பெக்போலொத் சந்தைப் பக்கம் போய் காரமான குளிர் நூடுல்ஸ், அஷ்லியான்ஃபூ, சாப்பிடலாமா என்றான். சாப்பிட்டோம். அதற்கு மேல் டீயும் குடித்தேன், இரண்டு கிண்ணம்.

மாலையில் ஆசிரியர் வழிமறித்தார். "ஏன் வரல?"

"மனசில்ல, ஐயா."

"வெயிலடிச்சா ஒருத்தருக்கும் மனசிருக்காதே!" என்று, என்னைப் போலவே மட்டம் போட்ட மற்ற ஐந்து பேரோடு சேர்த்து என்னையும் திட்டினார். நன்றாகத் திட்டினார்.