கற்பூரம் அணைத்த புரோக்கர்

1993, மாசி, செவ்வாய். லாபு, மலேசியா.

இன்று வீட்டில் இருந்தது நான், மகன் சேகர், மருமகள் சாந்தி, கோயில் தலைவர் மாணிக்கம். வீடு வாங்கச் சேர்த்த பணத்தையெல்லாம் பங்குச் சந்தையில் போடச் சொல்லிச் சேகர் கொடுத்திருந்த சிரம்பான் புரோக்கர், கடையைப் பூட்டிவிட்டு ஓடிவிட்டான். லைசென்ஸ் இல்லாதவனிடம் கொடுத்தால் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது என்று பங்குச் சந்தை ஆபீசில் கையை விரித்துவிட்டார்களாம்.

லைசென்ஸைக் காட்டு என்று அன்றைக்கே அவனைக் கேட்டவள் நான். மாணிக்கம்தான் குறுக்கே விழுந்தான். "கோயில்ல கற்பூரம் அணைச்சு சத்தியம் பண்ணவன்கிட்ட இதெல்லாம் கேக்கலாமா, அக்கா?"

இன்றைக்கும், "ஆத்தா அவன சும்மா விடமாட்டா லா" என்கிறான்.

"உன் காசு எவ்வளவு போச்சு, தம்பி?"

"நான் போடல லா. லைசென்ஸ் இல்லாத எடம்னு என் மகன் அப்பவே சொன்னான்."

சாந்தி கொண்டுவந்த தேநீரைக் கீழே வைக்காமல் திரும்ப எடுத்துப் போய்விட்டாள். புரோக்கரை ஆத்தா பார்த்துக்கொள்ளட்டும். நான் சாகும்வரை மன்னிக்கப் போவதில்லை, மாணிக்கத்தை.