அவன் கழற்றிப் போன கதவு

கார்த்திகை 9, வெள்ளி

மழை விடவில்லை. கமலாவின் வாசல்தான் கண்ணுக்குள் நிற்கிறது.

அடிக்கிற புருஷன் இனி வீட்டுக்குள் வரக் கூடாது என்று முந்தநாள்தான் எங்கள் பெண்கள் நிலையத்தால் அவளுக்கு நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை எடுத்துக் கொடுத்தோம். நம் பக்கத்தில் சீதன வீடு பெண்ணுக்குத்தானே. "வீடு உன்ட பேரில கிடக்கு, புள்ள. வெளிய போக வேண்டியது அவன்தான்" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்.

இன்று பார்க்கப் போனேன். முன்வாசலில் கதவு இல்லை. வெறும் நிலைச்சட்டத்தில் ஒரு சேலையைக் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். தூவானம் அடித்துத் தரையெல்லாம் ஈரம்.

தாய் கொடுத்தது சுவரும் கூரையும்தான். கதவு அவன் செய்து போட்டது. உடுப்பு எடுக்கப் பொலிஸோடு நேற்று வந்தவன், அதையும் கழற்றி உழவு மெஷின் பெட்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டானாம். "அவர்ட சாமான அவர் எடுக்கட்டும்" என்று பொலிஸ்காரர் பார்த்துக்கொண்டு நின்றாராம்.

கமலா கட்டளையை என்னிடம் நீட்டினாள்.

"இதில கதவப் பத்தி ஒண்டும் எழுதல்லையா, மிஸ்?"

எழுதவில்லை. கேட்க வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவன் போனால் போதும் என்றுதான் நினைத்தோம்.

"திங்கக்கிழம திரும்பக் கோட்டுக்குப் போவம்" என்றேன். "அக்கா வீட்டில போய்ப் படன், புள்ள."

"நான் வெளிக்கிட்டா அவர் உள்ளுக்கு வந்திருவார், மிஸ்."

இப்போதுதான் என் கதவைத் தாழிட்டேன். பிறகும் எழுந்து போய் ஒரு தடவை தள்ளிப் பார்த்தேன். காற்றும் கூடிவிட்டது. அந்தச் சேலை அசைகிற ஒவ்வொரு தடவையும் அவள் எழும்பிக் குந்தியிருப்பாள்.