பின்னால் வருகிறவள்

ஆகஸ்ட் 4

அன்புள்ள டீச்சருக்கு,

நான் நலம். உன் நலம் உன் கடிதம் வந்தால்தானே தெரியும்? அது இரண்டு மாதமாக வரவில்லை. வக்கீலின் கடிதம் மட்டும் தவறாமல் வருகிறது. விவாகரத்துக்குச் சம்மதமா இல்லையா என்று கேட்கிறார். நாம் தனித்தனியாக இருக்கத் தொடங்கி இரண்டு வருஷம் ஆகிறது, கேட்கத்தான் செய்வார். என் பதிலை உன்னிடம் நேரில் சொல்கிறேன்.

எப்படி என்கிறாயா? அக்டோபரில் உங்கள் மலையில் நடக்கிற ஓட்டப் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். சிரிக்காதே. கடலோரத்தில் பிறந்து, மேம்பாலத்தைத் தவிர வேறு மேடு பார்க்காதவன்தான் நான். அதற்காகத்தான் பயிற்சி. லிப்ட் ரிப்பேருக்குப் போகிற கட்டடத்தில் எல்லாம் வேலை முடிந்ததும் மாடிப்படியில் ஏறி இறங்குகிறேன். நேற்று பதினாறாவது மாடியில் ஒரு அம்மா என்னைப் பார்த்துப் பதறிவிட்டார். "ரிப்பேர் பண்ண வந்த ஆளே படியேறி வர்றாரே, அப்போ லிப்டு இன்னைக்கும் அவ்வளவுதானா?" என்றார். அவரைச் சமாதானப்படுத்த, லிப்டிலேயே கீழே இறங்கிக் காட்ட வேண்டியதாயிற்று.

அன்புடன்,
லிப்ட்காரன்


ஆகஸ்ட் 19

அன்புள்ள உங்களுக்கு,

கடிதம் கிடைத்தது. சிரித்தேன். சிரித்து முடித்ததும் எரிச்சலாகவும் இருந்தது. ஒரு வார்த்தை பதில் கேட்டால் மலையேறி வந்து சொல்கிறேன் என்கிறீர்கள். வாருங்கள். ஆனால் நீங்கள் ஜெயித்தாலும் தோற்றாலும் என் கேள்வி அங்கேயேதான் இருக்கும்.

இங்கே காற்று மெலிசு. மாடிப்படி காலுக்குப் பழக்கம் கொடுக்கும், மூச்சுக்குக் கொடுக்காது. நான் வந்த புதிதில் கரும்பலகையில் ஒரு வரி எழுதிவிட்டு நாற்காலியைத் தேடினேன். பத்து நாளாவது முன்னதாக வந்து, சும்மா நடந்து, நிறையத் தண்ணீர் குடித்து உடம்பைப் பழக்குங்கள். பக்கத்தில் வருபவரிடம் பேச முடியாத வேகம் இங்கே கூடாத வேகம். தங்குவதற்குப் பள்ளி விடுதியில் அறை சொல்லிவைக்கிறேன். என் வீட்டில் வேண்டாம்.

பந்தயத்தன்று எங்கள் பள்ளி ஆசிரியர்களுக்கும் வேலை உண்டு. கடைசியாகப் போகிறவருக்கும் பின்னால் நடந்து, வழிகாட்டக் கட்டியிருக்கும் ரிப்பன்களை அவிழ்த்துக்கொண்டு வருவது என் வேலை. அதனால் வழியில் நாம் பார்த்துக்கொள்ள வாய்ப்பில்லை. நீங்கள் எப்போதும் முன்னால் போகிறவராயிற்றே. கடைவீதிக்குப் போனால்கூட உங்கள் முதுகைப் பார்த்துக்கொண்டுதான் வருவேன்.

இப்படிக்கு,
டீச்சர்


செப்டம்பர் 30

அன்புள்ள டீச்சருக்கு,

லீவு கிடைக்கவில்லை. புதிதாகக் கட்டிய ஆஸ்பத்திரியின் லிப்டுகளை மொத்தமாக என் தலையில் கட்டிவிட்டார்கள். பந்தயத்துக்கு முந்தின நாள் சாயங்காலம்தான் வந்து சேருவேன். கவலைப்படாதே, முப்பது மாடியை ஒரே மூச்சில் ஏறுகிறேன். நீ ரிப்பன்களோடு வந்து சேரும்போது நான் குளித்துச் சாப்பிட்டு, பதிலோடு உட்கார்ந்திருப்பேன்.

ஒன்றை மட்டும் இப்போதே சொல்கிறேன். எனக்கு உன்னை விட மனசில்லை.

அன்புடன்,
லிப்ட்காரன்


அக்டோபர் 21

அன்புள்ள உங்களுக்கு,

தலைவலி நின்றதா? மறுநாள் காலையில் கஞ்சி எடுத்துக்கொண்டு விடுதிக்கு வந்தால் அறை பூட்டியிருந்தது. முதல் பஸ்ஸிலேயே கிளம்பிவிட்டீர்கள் என்றார்கள். கஞ்சியை நானே குடித்தேன்.

முதல் ஏற்றத்தில் முன்வரிசையில் பறந்தீர்களாமே. நான் ரிப்பன்களை அவிழ்த்துக்கொண்டு மேலே ஏரிக்கரைக்கு வந்தபோது பாறையில் சாய்ந்து கிடந்தீர்கள். வாந்தி எடுத்து, முகம் வெளிறிப் போயிருந்தது. "இனிமே ஓட்டம் வேண்டாம். மெதுவா கீழே கூட்டிட்டுப் போங்க டீச்சர், நடுவுல படுக்க விட்டுடாதீங்க" என்றார் பந்தயத்துக்கு வந்திருந்த டாக்டர். பயத்தை மறைக்கத்தான் பேச ஆரம்பித்தேன். பேச்சு பிறகு எங்கெங்கோ போய்விட்டது. உங்களால் 'ம்' கொட்டக்கூட முடியவில்லை. பதினோரு வருஷம் குடித்தனம் நடத்தியும் சொல்லாததை எல்லாம் அந்த இறக்கத்தில் சொல்லித் தீர்த்தேன்.

பள்ளிக்கூட வாசலுக்கு வந்து மூச்சு சீரானதும் நீங்கள் கேட்ட முதல் கேள்வி, "எனக்குப் பின்னாடி ஒருத்தர்கூட இல்லையா?"

அங்கே சிரித்துவிட்டேன். வீட்டுக்கு வந்து அழுதேன். அவ்வளவு நேரமும் சுவரோடு பேசியிருக்கிறேன் என்று தோன்றியது. போகட்டும். பதில் சொல்லத்தான் வந்தீர்கள், சொல்லாமலே போய்விட்டீர்கள். இந்தத் தடவையாவது எழுதி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
டீச்சர்


நவம்பர் 2

அன்புள்ள டீச்சருக்கு,

தலைவலி போய்விட்டது. வெட்கம்தான் போகவில்லை. சொல்லாமல் பஸ் ஏறியதும் அதனால்தான். கஞ்சி விஷயம் தெரிந்திருந்தால் வெட்கத்தையும் மீறி இருந்திருப்பேன்.

நீ சுவரோடு பேசவில்லை. எல்லாம் கேட்டது. வேறு எதைப் பற்றி வாய் திறந்தாலும் உன் எதிரில் உடைந்துவிடுவேன் என்று பயந்துதான் அந்த அசட்டுக் கேள்வியைக் கேட்டேன்.

நான் போட்டு வந்த திட்டம் வேறு. கழுத்தில் பதக்கத்தோடு, எல்லோர் முன்னாலும் உன் கையைப் பிடித்து வீட்டுக்கு வா என்று கூப்பிடுவது. அத்தனை பேர் பார்க்கும்போது நீ மாட்டேன் என்று சொல்ல மாட்டாய் என்று நினைத்தேன். உங்கள் மலை அதைக் கெடுத்துவிட்டது. தொண்டையில் கொஞ்சம் காற்று இருந்திருந்தாலும், நீ வாயைத் திறந்த உடனே குறுக்கே புகுந்து சமாதானம் சொல்லத் தொடங்கியிருப்பேன். நம் வீட்டில் அப்படித்தானே நடந்தது.

நீ சொன்னாய், இங்கே பசிக்கிற நேரத்தில் சாப்பிடுகிறேன், யாரோ ரிப்பேர் வேலைக்கு ஓடிவிட்டு வரும்வரை தட்டை மூடிவைத்துக் காத்திருப்பதில்லை என்று. பள்ளி விட்டு வந்ததும் ஷூவைக்கூடக் கழற்றாமல் ஜன்னலோரம் சும்மா உட்கார்ந்திருக்கிறேன், என்ன ஆச்சு என்று யாரும் துளைப்பதில்லை என்று. பிள்ளைகள் ஒரு கேள்வி கேட்டால் நான் பதிலை முடிக்கும்வரை என் முகத்தையே பார்க்கிறார்கள் என்று. இதை எல்லாம் கோபமாகச் சொல்லியிருந்தால் ஊருக்கு வந்த பிறகாவது உன்னோடு சண்டை போட்டிருப்பேன். நீ நல்ல சேதி சொல்கிற மாதிரி சொன்னாய். திரும்பிப் பார்த்தேன். உன் முகம் அவ்வளவு நன்றாக இருந்தது. நம் வீட்டில் நான் அந்த முகத்தைப் பார்த்ததில்லை.

எனக்கு இப்போதும் உன்னை விட மனசில்லை. ஆனாலும் வக்கீலிடம் சம்மதம் என்று சொல்லிவிட்டேன்.

அன்புடன்,
லிப்ட்காரன்


நவம்பர் 14

அன்புள்ள உங்களுக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே பனி தொடங்கிவிட்டது, வகுப்பில் பிள்ளைகள் கையைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டே எழுதப் பார்க்கிறார்கள்.

நானும் சம்மதம் என்று வக்கீலுக்கு எழுதிவிட்டேன். எழுதும்போது கை தயங்கியது, அதை மறைக்கப் போவதில்லை.

நம் வீட்டில் ஒரே ஒரு நாள் இப்படி என் பேச்சைக் கேட்டிருந்தீர்கள் என்றால் நான் இந்த மலைக்கு வந்திருக்க மாட்டேன். குத்திக்காட்ட எழுதவில்லை. நான் பேசியது ஒரு வார்த்தை குறையாமல் உங்கள் கையெழுத்தில் இருந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. உடனே யாரிடமாவது காட்ட வேண்டும் போல இருந்தது. காட்ட வேண்டும் என்று முதலில் தோன்றிய ஆள் நீங்கள்தான்.

இப்படிக்கு,
டீச்சர்