மறைவிடத்து மரு

3 ஜூன் 1996, திங்கள்
காலையிலிருந்து மழை. துணி காயவில்லை. மெர்லிமாவ் டவுன் கடையில் வாங்க: சோப்பு, மிளகு, கல் உப்பு.

மரு போகவில்லை. கீழே, யாரிடமும் காட்ட முடியாத இடத்தில். முதலில் இரண்டு. இப்போது காலிஃபிளவர் மாதிரி கொத்து. வலி இல்லை, அரிப்புதான். போன வாரம் வெற்றிலைச் சுண்ணாம்பு தடவினேன். வெந்து போனதுதான் மிச்சம்.

அவர் முந்தாநாள் சனிக்கிழமையும் வரவில்லை. சிங்கப்பூர் கப்பல் பட்டறையில் ஓவர்டைமாம். நல்லதாய்ப் போயிற்று என்று நினைத்தேன். பிறகு அவர் தலையணையை மோந்துகொண்டு படுத்திருந்தேன். வெட்கங்கெட்டவள்.

4 ஜூன், செவ்வாய்
மாரியம்மன் கோயில். மரு உதிர எல்லாரும் போடுவதுபோல உப்பும் மிளகும் போட்டேன். பக்கத்து வீட்டுப் பவுனக்கா பார்த்துவிட்டார். மரு எங்கே என்றார். பிடரியில் என்றேன். அங்கேயே என் கொண்டையைத் தூக்கிப் பார்த்தார்.

"ஒண்ணையும் காணோம்லா. அதுக்குள்ள உதிர்ந்திருச்சா?"

என் பொய்யால் ஆத்தாளுக்கு நல்ல பெயர்.

6 ஜூன், வியாழன்
ஃபேக்டரிக்கு லீவு. மலாக்காவில் கிளினிக். சீன டாக்டர், பெண். மலாயில் பேசினார். இது வைரஸ் கிருமியாம், உறவில் ஒட்டுமாம். நிறையப் பெண்களுக்கு வருகிறதாம், கெட்டவள் என்று அர்த்தமில்லையாம். சுண்ணாம்புக்குத் திட்டு. கர்ப்பமா என்று முதலில் கேட்டார், இருந்தால் இந்த மருந்து ஆகாதாம். இல்லை என்றேன்.

பழுப்பு மருந்து தொட்டு வைத்தார். சில மணி நேரத்தில் கழுவ வேண்டும். வாராவாரம் போக வேண்டும். மரு உதிர்ந்தாலும் திரும்ப வரலாம். கர்ப்பப்பை வாயிலும் துடைத்துச் சோதனைக்கு எடுத்தார். எல்லாப் பெண்களும் எடுக்க வேண்டியதுதானாம், பயப்பட வேண்டாமாம். ஆறும்வரை அவரோடு சேரக் கூடாது. அவரும் வந்து காட்ட வேண்டும்.

யாரிடமிருந்து வந்தது என்று கேட்டேன். சொல்ல முடியாதாம். மாதக்கணக்கில், வருடக்கணக்கில்கூட வெளியே தெரியாமல் கிடக்குமாம். சும்மா பக்கத்தில் படுத்தால் ஒட்டுமா என்று கேட்க வாய் வரவில்லை.

எனக்கு அவரைத் தவிர யாரும் இல்லை. அவருக்கு? பஸ்ஸில் வீடு வரும்வரை அதே கேள்வி.

7 ஜூன், வெள்ளி
வெயில். எரிச்சல் குறைவு. சொல்வதா, மறைப்பதா. சொன்னால் என்னைத்தான் சந்தேகப்படுவார். மறைத்தால் ஒவ்வொரு தடவையும் ஏதாவது சாக்குச் சொல்லித் தள்ளிப் படுக்க வேண்டும். அது என்னால் ஆகாது. அவர் வேண்டும் எனக்கு. முதுகு என் முதுகில் பட்டால்கூடப் போதும்.

மீன் குழம்பு. தனியாகச் சாப்பிட்டேன்.

8 ஜூன், சனி
வந்துவிட்டார். சாயங்கால பஸ். இளைத்திருக்கிறார். சோறு போட்டேன். அவர் சாப்பிட்டு எழுவதற்குள் சொல்லிவிட்டேன், டாக்டர் சொன்னது எல்லாம், முன்னும் பின்னுமாக. கை கழுவாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"எனக்கும் இருக்கு. உனக்கு ஒட்டிரக் கூடாதுன்னுதான் வராம இருந்தேன்."

ஓவர்டைம் பொய். அங்கே அறையில் சும்மா படுத்துக் கிடந்திருக்கிறார். யாரிடமிருந்து என்றேன். கல்யாணத்துக்கு முந்தி ஒருத்தி என்றார், தலையை நிமிர்த்தவில்லை. நம்புவதா, தெரியவில்லை. திங்கட்கிழமை லீவு போட்டு இரண்டு பேரும் கிளினிக் போகிறோம்.

கோபம் வராமல் இல்லை. முதலில் அந்த எச்சில் கையைப் பிடித்துக்கொண்டேன். அப்புறம்தான் கோபப்பட்டேன்.