தீக்குப் பயந்து செய்த கார்

என் அக்காவைக் கட்டிக்கொண்டு எனக்கும் கூட்டாளி ஆகிப்போன செல்வம் மாமாவுக்கு,

கார் முடிந்துவிட்டது மாமா. நீல வண்ணம் பூசி ஷெட்டின் நடுவில் நிறுத்தியிருக்கிறார்கள். எரிந்துபோன பின்பாதியைப் பிரித்துப் போட்டுவிட்டு அலுமினியத்தில் வேறு செய்து மாட்டிவிட்டார்கள். காருக்கு மாற்றுத் தகடு கிடைத்தது. அக்காவுக்கு என்ன கிடைத்தது?

புதுவாயலில் ஷேர் ஆட்டோவுக்கு நிற்கும்போது தெரிந்தவன் தெரியாதவன் எல்லாம் கேட்கிறான். "உங்க மாமா பூஜை நேரத்துல கிரைண்டர ஆன் பண்ணிட்டாராமே?" அதில் பறந்த பொறிதான் தீ வைத்தது என்று கம்பெனி கிளப்பிவிட்ட கதை. உன்னைப் புதைத்த மண் காய்வதற்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது.

அந்தக் காரின் படத்தை நீ முதலில் பார்த்த நாள் ஞாபகம் இருக்கிறதா? இரண்டாம் உலகப் போருக்கு முன் பிரான்ஸில் செய்த கார். அச்சு அசலாக அதேபோல் ஒன்று நம் முதலாளிக்கு வேண்டுமாம். நீண்ட மூக்கு, கூரைவரை ஏறி வெட்டிய கதவுகள், மழைத்துளிபோல் வழிந்து இறங்கும் பின்புறம். எட்டு சிலிண்டரும் ஒரே வரிசையில். முன் அச்சு குழாய்போல் உள்ளே வெற்றாக இருக்கும், அதைத் துளைத்துக்கொண்டு வில்பட்டைகள் போகும். முன்கண்ணாடியிலிருந்து வால்வரை நடுமுதுகில் ஒரு தகட்டு விளிம்பு தூக்கி நிற்கும், அதில் வரிசையாக ரிவெட் ஆணிகள்.

"இன்னா மச்சான், நடு வகிடு எடுத்து வாரிக்கினு வந்து நிக்குது? பொண்ணு பாக்கப் போவுதா?" என்றாய். டிசைன் இன்ஜினியரே சிரித்துவிட்டார்.

அந்த வகிட்டின் காரணத்தையும் அவர்தான் சொன்னார். முதல் காரை மெக்னீசியம் கலந்த தகட்டில் செய்தார்களாம். இரும்பைவிட, அலுமினியத்தைவிட லேசு. ஆனால் வெல்டிங் வைத்தால் தீப்பிடிக்கும். அதனால் உடம்பை இரண்டு பாதியாக அடித்து, விளிம்பை வெளியே மடித்து, ரிவெட் போட்டுச் சேர்த்தார்கள். அடுத்து வந்தவற்றை அலுமினியத்தில் செய்தபோது அந்த விளிம்புக்கு அவசியமே இல்லை. அழகாக இருக்கிறதென்று விட்டுவைத்தார்கள்.

நம் முதலாளிக்கு அலுமினியம் போதவில்லை. முதல் காரைப் போலவே மெக்னீசியம்தான் வேண்டுமாம். தீக்குப் பயந்து ஒருவன் கண்டுபிடித்த வடிவத்தை ஒரு ரிவெட்கூடப் பிசகாமல் நகல் எடுத்தோம். அவனுடைய பயத்தை மட்டும் எடுக்கவில்லை.

சக்கரம் மாட்டிய அன்று பூஜை. விளிம்பைத் தேய்த்த மெக்னீசியத் தூள் காருக்கு அடியில் மாவுபோல் கிடந்தது. நீ துடைப்பத்தை எடுத்தாய்.

"சார், கீழ பூரா தூளு கீது சார். கூட்டிட்டு வெக்கலாம்."

"நல்ல நேரம் போவப்போவுது. பேஜாரு பண்ணாத செல்வம், பழத்த வையி" என்றார் சூப்பர்வைசர்.

நீ பின்சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைக்கக் குனிந்தாய். அவர் பூசணிக்காய் மேல் கற்பூரம் ஏற்றிச் சுற்றினார். கற்பூரம் நழுவி அந்தத் தூளில் விழுந்தது. பார்க்கவே முடியாத வெள்ளை வெளிச்சம். ஆளாளுக்கு டிரம்மிலிருந்து தண்ணீரை வாரி ஊற்ற, தீ வெடித்துச் சிதறியது. அந்தத் தீக்குத் தண்ணீர் ஆகாது, உலர்ந்த மணல்தான் போடவேண்டும் என்று நீ போன பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. நாள் முழுக்க மணல் லாரி ஓடுகிற நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கிற ஷெட் அது. உள்ளே ஒரு வாளி மணல் இல்லை.

நான் சாமியைக் குறை சொல்லவில்லை மாமா. துடைப்பத்தைக் கீழே போடச் சொன்னது சாமியா?

நாளை தொழிற்சாலை ஆய்வாளர் விசாரணைக்கு வருகிறார். சூப்பர்வைசர் என்னைக் கூப்பிட்டார். "செத்தவன் மேல தப்புன்னு சொன்னா அவனுக்கு இன்னாடா கொறஞ்சிடப் போவுது? நீ உயிரோட கீற. உனக்கு வேல வேணாமா?" என்றார். கூட இருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். எல்லோருமே கான்ட்ராக்ட் ஆட்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் வருகிறது. கோபப்பட எனக்கு உரிமை உண்டா என்றும் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அக்கா கேட்டாள். "அவுரு மிஷின ஆன் பண்ணாரா, இல்லியா?"

நடந்ததைச் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"இத எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது? அங்க சொல்லு. நானும் வரேன்."

அவளை உள்ளே விடமாட்டார்கள் மாமா. கேட்டுக்கு வெளியே வெயிலில்தான் நிற்கவேண்டும். நான் பேசுவது அவளுக்குக் கேட்காது. எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. வேலை போய்விடும். ஆனால் நான் வெளியே வரும்போது அவள் முதலில் பார்க்கப்போவது என் முகத்தை. அந்த முகத்தோடு அவளிடம் பொய் சொல்ல என்னால் முடியாது. உள்ளேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டு வருகிறேன்.

உன் மச்சான்,
ரேவதியின் தம்பி தினேஷ்