பாடாமல் விட்ட வாழ்த்து

சிவமயம்

கிள்ளான்,
23.10.1988

அன்புள்ள புனிதவதிக்கு,

நானும் மகள் குணபூசணியும் சுகம். கோலா கிராய்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று எழுதியிருந்தீர். கொதிக்க வைத்துக் குடியும். இந்தக் கடிதத்தை உம்முடைய பள்ளிக்கூட முகவரிக்குப் போடாமல் வீட்டுக்கார அம்மாவின் பெயருக்குப் போடுகிறேன். போன வருஷம் போலீஸ் அத்தனை பேரை விசாரணையில்லாமல் பிடித்துக்கொண்டு போனதிலிருந்து தபால்காரரைக் கண்டாலும் எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது. சிரியும், பரவாயில்லை.

முதலில் உம்மோடுதான் சண்டை. வெள்ளிக்கிழமை பள்ளி முடிந்த பிறகு பிள்ளைகளை உட்கார வைத்து, மனித உரிமை, மனித உரிமை என்று பாடம் எடுத்தீர். அதற்காகவே மாற்றல் என்று உம்மைத் தூக்கிக் கிளந்தானில், அந்தக் கோலா கிராயில் போட்டார்கள். பாடமும் அதோடு போயிற்று என்று நான் நிம்மதியாக இருந்தேன். போகவில்லை. உம்முடைய மகள் தலையிலும் அவள் கூட்டாளிகள் தலையிலும் அது நன்றாகக் குடியிருக்கிறது.

உம்முடைய வகுப்பில் முன் வரிசையில் இருப்பாளே தனலெட்சுமி, டெங்கில் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்த பிள்ளை, அவளுக்காகத்தான் இவ்வளவும். தாய் பிள்ளைப்பேற்றிலேயே போய்விட்டாள். பிறப்பைப் பதிய ஒருவரும் போகவில்லை. பிறப்புப் பத்திரம் இல்லாததால் ஐ.சி. என்கிற அடையாள அட்டையும் இல்லை. ஐ.சி. இல்லாதவளை எஸ்.பி.எம். சோதனை எழுத உட்கார வைக்க முடியாது என்று புதுத் தலைமையாசிரியை மிஸ் லிம் சொல்லிவிட்டார். அவரே பதிவு அலுவலகத்துக்கு நேரில் போய், இந்தப் பிள்ளையை எனக்குத் தெரியும் என்று கையெழுத்துப் போட்டால் காரியம் நகரும். அவருக்குப் பயம். கையெழுத்தென்றால் யாருக்குத்தான் பயமில்லை? அரசாங்க உத்தியோகத்திலேயே தலை நரைத்த எனக்குத் தெரியாதா?

சரஸ்வதி பூசைக்குப் பிள்ளைகள் வழக்கம்போலப் பள்ளி மண்டபத்தில் புத்தகங்களை அடுக்கி வைத்தார்கள். விஜயதசமியன்று நான்தானே வருஷா வருஷம் போய்த் தேவாரம் பாடி, கடைசியில் வாழ்த்துப் பாடி முடித்து வைக்கிறவன். அதற்குப் பிறகுதான் பிள்ளைகள் புத்தகத்தைத் தொடுவார்கள். இந்த வருஷமும் போனேன். கற்பூரம் காட்டும்போதுதான் கண்ணில் பட்டது. புத்தகங்களின் மேல் ஒரு தாம்பாளம், அதில் ஐந்தாம் பார வகுப்புத் தமிழ்ப் பிள்ளைகள் அத்தனை பேருடைய ஐ.சி.யும். மிஸ் லிம் தனத்தோடு போய்க் கையெழுத்துப் போடும் வரை எங்களுக்கும் ஐ.சி. வேண்டாம் என்று ஒரு பிள்ளை எழுந்து நின்று சொன்னாள். வேறு யாருமில்லை, உம்முடைய மகள்தான்.

எனக்குப் பயம் வந்துவிட்டது. வாழ்த்துப் பாடாமல், சப்பாத்தைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடிவந்து கோலாலம்பூர் ஆபீசுக்கு ரயில் ஏறிவிட்டேன். பாடாமல் போனதில்தான் சனி பிடித்தது.

மறுநாள் மிஸ் லிம் பெற்றோரைக் கூப்பிட்டார். திங்கட்கிழமைக்குள் ஐ.சி.யை எடுக்காத பிள்ளையும் சோதனை எழுத முடியாது என்றார். எல்லாரும் கொதித்துக்கொண்டுதான் மண்டபத்துக்குள் போனார்கள். செருப்பைக் கழற்றினார்கள், கும்பிட்டார்கள், அப்படியே நின்றுவிட்டார்கள். ஒருவரும் கை வைக்கவில்லை. லோரி ஓட்டுகிற பக்கிரிசாமி, மகளை அடிக்காத குறையாகத் திட்டிக்கொண்டு வந்த மனுஷர், என் பக்கம் திரும்பி, "சார், நீங்க பாதியில விட்டுட்டுப் போயிட்டீங்க லா. பூசை முடியாம சாமிக்கு வெச்சத நான் எப்படி எடுக்குறது? தொடங்குனவங்கதான் முடிக்கணும்" என்றார். எனக்குத் தொண்டை கட்டியிருக்கிறது என்று சொல்லித் தப்பினேன். ஐ.சி. மட்டுமா, புத்தகங்களும் அங்கேதான் கிடக்கின்றன. சோதனை நெருங்குகிற நேரத்தில் நம் பிள்ளைகள் சீனப் பிள்ளைகளிடம் இரவல் வாங்கிப் படிக்கிறார்கள்.

பிறகு மிஸ் லிம் என்னைத் தனியாகக் கூப்பிட்டுத் தேநீர் கொடுத்தார். தாம் கை வைத்தால் மதப் பிரச்சினையாகிவிடும், நீங்கள் வந்து பாடினால் எல்லாம் சுமுகமாக முடிந்துவிடும் என்றார். ஜனவரியில் இங்கே ஓர் இடம் காலியாகிறதாம். உங்கள் மனைவியைத் திருப்பி அனுப்பும்படி சிபாரிசு எழுதுகிறேன் என்றும் சொன்னார். அந்தக் கையெழுத்துக்கு மட்டும் அவருக்குப் பயமில்லை போலும்.

புனிதம், எனக்கு வாய் ஊறியது. பொய் சொல்ல மாட்டேன். நீர் இல்லாத வீடு எனக்குப் பிடிக்கவில்லை. குணம் சமைக்கிறாள், உப்பில்லை. நான் சமைத்தால் உப்பைத் தவிர ஒன்றுமில்லை. ஒரு பாட்டுத்தானே, பாடிவிட்டால் நீர் வந்துவிடுவீர் என்று நேற்று முழுக்க அறைக்கும் சமையற்கட்டுக்கும் நடந்துகொண்டே இருந்தேன். கோபம் குணத்தின் மேல் பாய்ந்தது. ஐ.சி. இல்லாமல் பஸ் ஏறுகிறாயே, போலீஸ் நிறுத்தினால் என்ன செய்வாய் என்று கத்தினேன். அவள் கத்தவில்லை. "தனம் பிறந்ததில இருந்து அப்பிடித்தானே போறா, அப்பா" என்றாள். அத்தோடு நடையை நிறுத்தினேன். 

நாளைக் காலை பள்ளிக்குப் போகிறேன். பாட மாட்டேன். முதலில் அந்தப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வாருங்கள், வந்ததும் பாடுகிறேன் என்று மிஸ் லிம்மிடம் சொல்லப் போகிறேன். இதைக் கண்ணாடி முன்னால் இங்கிலீஷில் சொல்லிப் பார்த்தேன். குணத்தின் சோதனை போய்விட்டால் உமக்கு நான் என்ன முகத்தோடு எழுதுவேன் என்று தெரியவில்லை.

தைப்பூசத்துக்கு மூன்று பேரும் சேர்ந்து பத்துமலைக்குப் போவோம் என்று குணத்துக்குச் சொல்லியிருந்தீர். இனி அந்தச் சிபாரிசு கிடைக்காது; அவளை நான் மட்டும் கூட்டிக்கொண்டு போகிறேன். உமக்காகவும் கும்பிடுகிறேன். திட்ட வேண்டுமென்றால் நன்றாகத் திட்டி எழுதும், வாங்கிக்கொள்கிறேன். ஆனால் இந்த மனுஷனுக்கு நான் வந்தால் என்ன, வராவிட்டால் என்ன என்று மட்டும் நினைக்காதேயும்.

முருகன் உமக்குத் துணையிருக்கட்டும்.

என்றும் உம்முடைய,
க. சண்முகரத்தினம்