மின்விசிறியும் இல்லை, பூனையும் இல்லை

ஆகஸ்ட் 18, 2025, திங்கள்
விக்கிரமங்கலம்

சிமெண்ட் ஆலையில் மோட்டார் மோட்டாராகப் போய் அதிர்வை அளந்து, அலையைப் பார்த்து எது கெட்டது எது நல்லது என்று சொல்கிறவள் நான். வீட்டுக்கு வந்தால் அப்பாவின் கால் ஏன் தேறவில்லை என்று சொல்லத் தெரியவில்லை. மே மாதம் வண்டியிலிருந்து விழுந்ததில் தொடையில் கம்பி வைத்தார்கள். எலும்பு கூடிவிட்டது, நடக்கலாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். தரையில் கால் பட்டாலே அப்பா "ஐயோ" என்கிறார்.

"அவரு எந்திரிச்சிட்டா உன்னப் பெரம்பலூர்ல ஒம் புருசன் வீட்டுல கொண்டுபோயி வுட்டுட்டு வந்துடலாம்." அம்மாவின் தினசரிப் பாட்டு.

அப்பாவைப் பார்த்துக்கொள்ளத்தான் வந்திருக்கிறேன் என்று ஊருக்கே சொல்லியாகிவிட்டது. கோகுலகிருஷ்ணன் அடித்ததை யாரிடமும் சொல்லவில்லை. வெட்கம். அடித்த புருஷனுக்கு இல்லாத வெட்கம் எனக்கு எதற்கு?

அப்பா நடக்க வேண்டும். நடந்தால் நான் போக வேண்டும். சாமியிடம் எதைத்தான் கேட்பது?

ஆகஸ்ட் 19

ஆலையில் கன்வேயர் பக்கம் ஆள் நுழைந்தால் கண்டுபிடிக்க ஒரு சென்சார் வந்து, மேசையில் சும்மா கிடந்தது. கேமரா இல்லை. ரேடியோ அலையை அனுப்பி, பட்டுத் திரும்புவதை வைத்து எது அசைகிறது என்று போனில் கோடு போட்டுக் காட்டும். அம்மா கடலைக்கொல்லைக்குப் போய்விட்டால் மதியம் வரை அப்பா தனியாள். விழுந்து கிடந்தால் யாருக்குத் தெரியும்? மேலதிகாரி முத்தமிழ்செல்வன் சாரிடம் கேட்டு எடுத்துவந்து, அப்பா படுக்கிற அறையின் மூலையில் மாட்டினேன்.

"என்னம்மா அது?"

"கொசு மெஷின்ப்பா."

உண்மையைச் சொன்னால், என்னைக் காவல் காக்கிறாயா என்று முறைத்துக்கொள்வார்.

ஆகஸ்ட் 20

முற்பகலில் போன் அதிர்ந்தது. அசைவு. கட்டிலிலிருந்து கதவுக்கு, கதவிலிருந்து கட்டிலுக்கு. பதறிப்போய் ஆலையிலிருந்து அப்பாவுக்குப் போன் போட்டேன்.

"படுத்துத்தான் கெடக்கேன். நான் எங்க போவப் போறேன்?"

லேசாக மூச்சு வாங்கினார். காய்ச்சலோ?

ஆகஸ்ட் 21

மின்விசிறிதான், வேறென்ன! நிறுத்திவிட்டு வேலைக்குப் போனேன். கோடு நிற்கவில்லை. அப்பா வேர்த்து வழிந்ததுதான் மிச்சம். "படுத்த படுக்கையா கெடக்குற மனுசன இப்படி வேவ வச்சிட்டியேடி" என்று அம்மாவிடம் திட்டு வாங்கினேன்.

ஆகஸ்ட் 22

பூனை? கொடியில் ஆடுகிற சேலை? கொடியை அவிழ்த்தேன், ஜன்னலைச் சாத்தினேன், பூனையைத் துரத்தினேன். அப்படியும் அசைவு. சென்சாரை ஆலைக்குக் கொண்டுபோய்ச் சோதித்தேன். ஒரு குறையும் இல்லை.

"மெஷின் கெட்டிருக்கணும், இல்ல கருவி கெட்டிருக்கணும். ரெண்டும் இல்லன்னா பாக்குற ஆளும்மா" என்று சிரிக்கிறார் முத்தமிழ்செல்வன் சார். நல்லா சிரிக்கட்டும். மறுபடியும் கொண்டுவந்து மாட்டிவிட்டேன்.

ஆகஸ்ட் 25

மோட்டாருக்குச் செய்வதுபோல் அலையை இன்று பிரித்துப் பார்த்தேன். மின்விசிறியின் அலை தனியாகப் போய் ஒதுங்கிக்கொண்டது. மிச்சத்தில் ஒரு பெரிய மேடு, ஒட்டினாற்போல் ஒரு சின்ன மேடு. மறுபடியும் பெரியது, சின்னது. பூனைக்கு நாலு கால். இது ரெண்டு கால், அதில் ஒன்று நொண்டுகிறது.

அப்பா நடக்கிறார்! நாங்கள் வீட்டில் இல்லாதபோது.

என் தோளைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு பாத்ரூம் போகிறவர். இடுப்பு வலியோடு அம்மா வெந்நீர் தூக்குகிறாள், அதையும் பார்த்துக்கொண்டுதானே படுத்திருக்கிறார்? என்ன மனுஷன் இவர்! பழகிப் பார்க்கிறார் என்றால் அதை எதற்கு மறைக்கணும்? கேட்டுவிடலாம் என்று கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். "சாப்பிட்டியாம்மா?" என்றார். சாப்பிட்டேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ஒண்ணுமே புரியல.

ஆகஸ்ட் 27, பிள்ளையார் சதுர்த்தி

கொழுக்கட்டை வெந்துகொண்டிருக்கும்போது மாமியார் போன் செய்தார். ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூட்டிப்போக வருகிறார்களாம். அம்மாவுக்கு ஒரே சந்தோஷம், ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னாள்.

அதுவரை நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தட்டைக் கீழே வைத்தார். "நேத்துலேருந்து வலி உசுரு போவுது ஜெயலட்சுமி. இன்னும் ஆறு மாசம் ஆவும் போலருக்கு. புள்ள இல்லாட்டி நான் என்ன பண்ணுவேன்?" என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

ஏப்ரலில் ஒருநாள் அப்பா பெரம்பலூர் வீட்டுக்கு மாம்பழம் கொண்டுவந்தார். உதடு வீங்கிப்போய்க் கதவைத் திறந்தேன். பாத்ரூமில் வழுக்கிவிட்டது என்றேன். "பாத்து நடக்கணும்மா" என்று சொல்லி, தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

அன்றே அவருக்குத் தெரிந்திருக்கிறது. நான் திரும்பிப் போகாமல் இருக்கத்தான் எழுந்திருக்காமல் கிடக்கிறார்.

அழுகையும் கோபமும் சேர்ந்து வருகிறது. தெரிஞ்சும் ஏம்ப்பா கேக்கல? வாயத் தொறந்து ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல? நானும்தான் சொல்லல. யார் மேல கோவப்படுறது?

ஆகஸ்ட் 30

நாளைக்கு வருகிறார்கள். பேசாமல் இருந்தால் அப்பா காப்பாற்றிவிடுவார். அதற்காக எத்தனை காலம் படுத்துக் கிடப்பார்? சொல்லிவிட்டால் அம்மா தாங்குவாளா? சொல்லணுமா, வேண்டாமா?

ஆகஸ்ட் 31, ஞாயிறு

மாமியாரும் கோகுலின் பெரியப்பா செல்லப்பனும் வந்தார்கள். கோகுல் வரவில்லை.

காப்பி குடித்து முடித்ததும் மாமியார் ஆரம்பித்தார். "சம்மந்திக்கு ஆளு பாத்தாச்சு. இங்கயே தங்கி எல்லாம் பாத்துக்கும். மணிமொழி கெளம்பட்டும்."

அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. "வெளி ஆளெல்லாம் எனக்கு ஒத்து வராதுங்க, ஐயோ காலு" என்று அப்பா முனக ஆரம்பித்தார். இத்தனை மோசமாக நடிக்கிற ஆளை நான் பார்த்ததே இல்லை. அந்த முனகலைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"அப்பாவுக்காக நான் இங்க இல்ல. ஒங்க புள்ள என்னை அடிச்சாரு. ஒரு தடவ இல்ல. நான் வரல."

சொல்லிவிட்டேன்.

"என்னடி சொல்ற?" என்று அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள். மாமியார் தரையைப் பார்த்தார். செல்லப்பன்தான் தொண்டையைச் செருமினார். "புருசன் பொண்டாட்டின்னா முன்னப்பின்ன இருக்கும்மா. பொறுத்துத்தான்..."

கட்டில் கிறீச்சிட்டது. அப்பா போர்வையைத் தள்ளினார். காலை ஊன்றி எழுந்தார், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார், நொண்டி நொண்டி வாசல் வரை போய்த் திரும்பி நின்றார்.

"பஸ் வர நேரமாச்சு. வாங்க சம்மந்தி, ரோடு வரைக்கும் வந்து ஏத்திவுடுறேன்."

வந்தவர்கள் இருவரும் எழுந்து அவர் பின்னால் போனார்கள்.

செப்டம்பர் 2

இரண்டு நாளாக அம்மா என்னோடு பேசவில்லை. இன்று வேலை முடிந்து வந்தபோது, என் பெட்டியிலிருந்த சேலைகளை எடுத்துத் தன் பீரோவில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா பண்ற?"

"தள்ளி நில்லு. எடம் பத்துதான்னு பாக்குறேன்."

என் பக்கம் திரும்பவே இல்லை.